கைமாறும் கத்தி

“அவர் காப்பாத்தத்தானே போனார்…”

“எதுலேருந்து? ஏசியிலேருந்தா? நின்னுட்டிருந்த கார்ல நிம்மதியா தூங்கிட்டிருந்த ஒரு பொம்பளையை…”

“கண்ணாடியெல்லாம் மூடியிருந்துச்சு, தலை தொங்கிப் போயிருந்துச்சு, பார்க்கிறவங்களுக்கு…”

“தூங்கினா தலை தொங்கத்தான் செய்யும்! விறைப்பா உட்கார்ந்து தூங்க அவங்க என்ன சிலையா? கண்ணாடியை உடைச்சு, பெல்ட்டை அறுத்து, மூட்டை மாதிரி தோள்ல தூக்கிப் போட்டு…”

“அவங்க மேல ஒரு கீறல் விழுந்துச்சா? சொல்லு, ஒரே ஒரு கீறல்?”

“விழுந்திருந்தா நாம இங்கே நின்னு கத்திட்டிருக்க மாட்டோம். ஸ்டேஷன்ல கையைக் கட்டிட்டு நின்னிருப்போம்.”

சமையலறை வாசலில் அண்ணனும், அடுப்பை ஒட்டித் தங்கையும் நின்றுகொண்டிருந்தார்கள். தலை நரைத்த பிறகும் இருவரையும் பெரியவன், சின்னவள் என்றே வீட்டில் கூப்பிட்டார்கள். பெரியவன் ஊரின் மறுகோடியில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேனேஜர். சின்னவள் இந்த மாடிக் குடியிருப்பில் அப்பாவோடு இருந்தாள். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, டாக்டர்கள் முணுமுணுத்துப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. யாரோ ஒருவருடைய சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் அப்பா கதவைத் திறந்துகொண்டு கீழே போயிருந்தார்.

கீழ் வீட்டுப் பல் டாக்டரின் மாமியார், மருமகன் மறந்துவிட்ட பர்ஸை எடுக்க மேலே போன இடைவெளியில், காரில் கண் அயர்ந்திருந்தாள். அவளைத்தான் அப்பா காப்பாற்றினார். நடைபாதையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தி, “எல்லாம் முடிஞ்சுதும்மா, கரைக்கு வந்துட்டீங்க” என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சும்மா சொல்லக் கூடாது, அந்த அம்மாள் கூச்சல் போடவில்லை. என்னைத் தூக்கிச் சுமக்க இன்னமும் ஓர் ஆள் இருக்கிறதே என்றுதான் மகளிடம் சொன்னாளாம். கூச்சல் போட்டதெல்லாம் மருமகன்தான்.

“இப்போ எங்கே அது?” பெரியவன் குரலைத் தாழ்த்தினான்.

“எது?”

“தெரியாத மாதிரி கேட்காதே. கத்தி.”

“இடுப்புலதான். வேற எங்கே?”

உள்ளறையில் அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டினார், அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். ஆற்றிலும் சாலையிலும் விபத்தில் மாட்டியவர்களை எடுத்து வரும் மீட்புக் குழுவுக்கு வெகு காலம் தலைவராக இருந்தவர். குழுவில் லீடர் என்றார்கள். ஓய்வு பெற்ற பிறகு தெருவும் லீடர் என்றது. இப்போது பெற்ற பிள்ளைகளின் முகமே சில நாள் பிடிபடாமல் போகிற நிலையில், அந்த ஒரு பெயருக்கு மட்டும் உடனே திரும்பிப் பார்ப்பார்.

இடுப்பின் இடது பக்கம், கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் அந்தக் கத்தி இருந்தது. மடக்குக் கத்தி இல்லை. மடக்குக் கத்தியை ஈரக் கையால், இருட்டுத் தண்ணீருக்குள் திறந்துகொண்டிருக்க முடியாது. இது அலகின் முனையிலிருந்து பிடியின் அடிவரைக்கும் ஒரே இரும்பு. முதுகு தடித்து, கனத்து, நெம்பினால் கார்க் கதவு வாய் பிளக்கும். வெட்டு வாயின் பாதி வழவழப்பாகவும் பாதி ரம்பப் பல்லாகவும் இருக்கும். முனையைக் கூராக விடாமல் சதுரமாக நறுக்கியிருப்பார்கள். உள்ளே மாட்டியிருப்பவர் உடம்பில் தவறிக்கூடக் குத்திவிடக் கூடாது என்பதற்காக. சேற்றிலும் கண்ணில் படட்டும் என்று பிடிக்கு ஆரஞ்சு நிறம். பிடியின் அடியில் கண்ணாடி உடைக்க ஒரு இரும்புக் குமிழ்.

“பிடுங்கிடு” என்றான் பெரியவன்.

“நீ பிடுங்கேன்.”

பெரியவன் தோளைத் தடவிக்கொண்டான். போன மாதம் பிடுங்கப் போயிருக்கிறான். கை கத்திக்குப் போய்ச் சேரும் முன்பே முதுகுக்குப் பின்னால் முறுக்கப்பட்டு, தரையில் முகம் பதிந்து, “அசையாதீங்க தம்பி, பதற்றத்துல என்னையும் சேர்த்து மூழ்கடிச்சுடுவீங்க” என்று அப்பா மரியாதையாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கிடந்தான். டைல்ஸ் கடையில் தோள்வலிக்கு வேறு காரணம் சொல்லியிருந்தான்.

“ஒளிச்சு வெச்சியே, அது என்னாச்சு?”

“வாஷிங் மெஷினுக்குள்ள வெச்சேன். வீட்டையே புரட்டிப் போட்டார். சாப்பிடலை. வாசக் கதவைப் பிடிச்சுக்கிட்டு, உள்ளே ஆள் இருக்கு, உள்ளே ஆள் இருக்குன்னு அழுதார். எப்படி அழுதார் தெரியுமா? உனக்குத் தெரியாது. நீ அழுகையைப் பார்த்ததில்லை, ஃபோன்ல கேட்டிருக்கே. நானே எடுத்துக் கொடுத்துட்டேன்.”

“அப்போ அந்த முதியோர் இல்லம்தான். இடம் ஒண்ணு காலியா இருக்கு. நான் பேசிட்டேன்.”

“எப்போ பேசினே?”

“பேசிட்டேன்.”

“அங்கே கத்தியோட விடுவாங்களா?”

“கேள்வியைப் பாரு. அங்கே பழம் நறுக்குற கத்தியைக்கூட விட மாட்டாங்க.”

சின்னவள் அடுப்பை அணைத்தாள். பால் பொங்கி வழிந்து தீ ஏற்கெனவே அணைந்திருந்தது.

கத்தி இல்லாத அன்று அவரைப் பார்த்தவள் அவள். அந்த இல்லத்தில் கட்டிலோடு கட்டிப் போடுவார்கள், அல்லது மருந்து கொடுத்துத் தூங்கவைப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

அழைப்பு மணி அடித்தது. பல் டாக்டர் நின்றிருந்தார். கையில் அறுபட்ட பெல்ட் துண்டு, செத்த பாம்பைப் பிடித்திருப்பதுபோல. வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாத மனிதர்களிடமே பேசிப் பழகியதாலோ என்னவோ, அவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

“அப்பா நல்லாயிருக்காரா? சரி. நான் புகார் கொடுக்கலை. நாமெல்லாம் ஒரே கட்டடம், இல்லையா? ஆனா என் பிள்ளைங்க கீழே விளையாடுது. இது பார்த்தீங்களா, எப்படி அறுந்திருக்கு? வெண்ணெய் மாதிரி. நாளைக்கு இது ஒரு குழந்தையோட கழுத்துப் பக்கமா இருந்தா? வேண்டாம். நல்லா யோசிங்க. ஒண்ணு அந்தக் கத்தி இந்தக் கட்டடத்துல இருக்கக் கூடாது, இல்லைன்னா அவர் இருக்கக் கூடாது. நாளைக்குச் சாயங்காலம் சொல்லுங்க. வரட்டுமா?”

போய்விட்டார். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வெண்ணெய் மாதிரி அறுந்திருக்காம்” என்றாள் சின்னவள். “யார் தீட்டுறாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“யாரு?”

“தவளை மாமா.”

தவளை, அப்பாவின் குழுவில் இரண்டாம் ஆள். குட்டையான உருவம், அகன்ற வாய், தண்ணீரில் கால் வைத்துவிட்டால் மேலே வர மனம் வராது. அதனால் வந்த பெயர். ஓய்வு பெற்று இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவ்வப்போது வந்து, அப்பாவோடு டீ குடித்து, கத்தியை வாங்கித் தீட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். சின்னவள் அவரை அழைத்தாள். வந்தவர் நடந்ததைக் கேட்டுக்கொண்டார். மாமியார் கதையில் சிரிக்கவும் செய்தார். இல்லத்தைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

“நீங்க ரெண்டு பேரும் தப்பா கேட்டிருக்கீங்க” என்றார்.

“தப்பாவா? மாமா, அண்ணன் தரையில விழுந்து கெஞ்சியிருக்கான்.”

“கெஞ்சினா கொடுக்க மாட்டார். பிடுங்கினா முறிச்சுடுவார். கத்திக்குன்னு ஒரு முறை இருக்கு கண்ணு. வாங்க.”

உள்ளறைக்குப் போய், கட்டிலுக்கு எதிரே நேராக நின்றார். குட்டை மனிதர் அந்த நிமிடம் ஒரு சாண் வளர்ந்ததுபோல் இருந்தது.

“லீடர். ஷிஃப்ட் முடிஞ்சுது.”

அப்பா நிமிர்ந்தார். “யாராவது உள்ளே இருக்காங்களா?”

“யாரும் இல்லை. எல்லாரும் கரை.”

அப்பா எழுந்தார். உறையிலிருந்து கத்தியை உருவி, அலகைத் தன் பக்கமும் பிடியைத் தவளையின் பக்கமுமாகத் திருப்பி நீட்டினார்.

“கத்தி கைமாறுது.”

“கை வாங்கிக்கிச்சு” என்றார் தவளை.

அவ்வளவுதான். அப்பா உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். “பசிக்குதும்மா” என்று சின்னவளைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டது அப்போதுதான். வாசலில் நின்ற பெரியவனுக்கு வாய் மூடவில்லை.

“இவ்வளவுதானா? இதுக்கா நான் தோளை…”

“என்ன தோள்?” என்றார் தவளை.

“ஒண்ணுமில்லை.”

பெரியவன் நிம்மதியாகக் காரை எடுத்துக்கொண்டு போனான். நிம்மதி விடியும்வரைதான் தாங்கியது. காலையில் சின்னவள் எழுந்து பார்த்தபோது, அப்பா குளித்து, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட்டில் காலி உறையோடு வாசல் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“என்னப்பா, இவ்வளவு சீக்கிரம்?”

“தவளை இன்னும் வரலை.”

“வருவார். உட்காருங்க.”

“ஷிஃப்ட் ஆரம்பிச்சாச்சு. கத்தியில்லாம எப்படி உட்கார்றது?”

உட்காரவில்லை. காபியை நின்றபடியே குடித்தார். பிறகு குடித்ததை மறந்து, இன்னும் கொடுக்கவில்லையே என்று கேட்டார். வெயில் ஏற ஏற அவர் கை காலி உறையைத் தடவுவது கூடிக்கொண்டே போனது. சின்னவள் தவளைக்கு ஃபோன் செய்தாள்.

“மாமா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டார்.”

“ஆரம்பிக்கத்தானே செய்வார். ராத்திரி கொடுத்தா காலையில திருப்பி வாங்கணும். அதுதான் முறை. நான் கொண்டு வரேன்.”

“கொண்டு வராதீங்க! அந்த டாக்டர்…”

“வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கலைன்னா நாளைக்கு எந்த முகத்தோட வாங்குவேன்?”

கத்தியோடுதான் வந்தார். சின்னவள் அவரைச் சமையலறைக்குள் இழுத்து, கதவைச் சாத்தினாள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

“மழுக்கிடுங்க மாமா.”

“என்னது?”

“கத்தி இருக்கட்டும். இடுப்புல இருந்தா போதும் அவருக்கு. அறுக்கக் கூடாது, அவ்வளவுதான். கூர்மையை எடுத்துடுங்க. டாக்டர்கிட்ட காட்டிடலாம். அண்ணனும் வாயை மூடிப்பான். அப்பா என்கூடவே இருப்பார்.”

தவளை கத்தியை மேடைமேல் வைத்தார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

“உனக்குத் தெரியாது கண்ணு” என்றார். “குழுவுல ரெண்டு பேர் ஒரு ஜோடி. ஒருத்தன் உள்ளே போறவன், ஒருத்தன் தீட்டுறவன். உள்ளே போறவன் தீட்ட மாட்டான். தீட்டினவன்கிட்ட வாங்கும்போது கூர் பார்க்கவும் மாட்டான். நகத்துல வெச்சுப் பார்க்கிறது, முடியை வழிச்சுப் பார்க்கிறது, அதெல்லாம் கிடையாது. புதுசா வந்த ஒருத்தன் ஒரு தடவை என் முன்னாடி கூர் பார்த்தான். லீடர் அவனை அன்னைக்குத் தண்ணியில இறங்க விடலை. மேலே நிற்கிறவனை நம்பாதவன் கீழே போக வேண்டாம்னுட்டார்.”

“அப்போ நல்லதாப் போச்சு. பார்க்க மாட்டார்.”

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று சின்னவளுக்கு உறைத்தது. தவளை அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலாம்.

“வேற வழி இருந்தா சொல்லுங்க மாமா. நான் கேட்டுக்கிறேன். இல்லம் வேணாம்னா, போலீஸ் வேணாம்னா, அவர் அழக் கூடாதுன்னா, வேற என்ன?”

“அவர்கிட்ட சொல்லிட்டா என்ன?”

“சொல்லுங்க. புரிஞ்சா அழுவார். நாளைக்கு மறந்துடுவார், மறுபடியும் சொல்லுங்க, மறுபடியும் அழுவார். தினம் ஒரு தடவை புதுசா.”

வெளியே அப்பாவின் குரல் கேட்டது. “தவளை வந்துட்டானாம்மா?”

தவளை பால்கனிக்குப் போனார். சின்னவள் பின்னாலேயே போனாள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைப்பிடிச் சுவரின் சிமெண்ட் விளிம்பில் கத்தியின் வாயைச் செங்குத்தாக வைத்து இழுத்தார். அந்தச் சத்தத்துக்கு அவளுக்குப் பல் கூசியது. அவர் முகம் அடி வாங்கியவன் முகமாக இருந்தது. ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன வட்ட அரத்தை எடுத்தார். பல்லைத் தீட்டுவதற்காக அவர் எப்போதும் வைத்திருப்பது. அதே அரத்தால் ரம்பப் பல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்துச் சமமாக்கினார். பொடி இரும்பு அவர் முழங்காலில் சாம்பல்போல உதிர்ந்தது.

“இது எனக்குச் சுலபமா வருதே” என்றார், தனக்குத் தானே. “எப்படி வருது?”

பல் டாக்டர் வந்து பார்த்தார். அலகின் வாயில் தன் கட்டைவிரலை வைத்து மெல்ல ஓட்டினார். அறுபட்ட பெல்ட் துண்டில் வைத்து இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. சொத்தைப் பல்லைப் பிடுங்கிய திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

“இது இப்போ பெரிய ஸ்பூன், அவ்வளவுதானே? நல்லது. அவர் வெச்சுக்கட்டும். கண்ணாடியை மட்டும் உடைக்காம பார்த்துக்கோங்க. சந்தோஷம்தானே? வரேன்.”

வாசலில் நின்றிருந்த அப்பாவின் எதிரே தவளை போய் நின்றார். பிடியை நீட்டினார்.

“கத்தி கைமாறுது.”

“கை வாங்கிக்கிச்சு.” அப்பா வாங்கினார். அலகைப் பார்க்கவில்லை. உறையில் செருகி, தவளையின் தோளைத் தட்டினார். “ஏன்டா, முகம் ஏன் இப்படி இருக்கு? வீட்டுல சண்டையா?”

“ஆமா லீடர்.”

“போய் மன்னிப்புக் கேட்டுடு. தப்பு உன் பேர்லதான் இருக்கும்.”

அதற்குப் பிறகு வந்த நாட்களை நல்ல நாட்கள் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் தவளை வருவார், கத்தி கைமாறும். மாலையில் வருவார், மறுபடி கைமாறும். நடுவில் அப்பா ஜன்னலோரம் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்தபடி, காவல் இருந்தார். சாப்பிட்டார். சில நாள் சின்னவளின் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிக் கேட்டார், அவள் இன்னும் அங்கேதான் படிப்பதுபோல. பெரியவன் வாரக் கடைசியில் வந்து, அப்பாவோடு உட்கார்ந்து, புது டைல்ஸ் எல்லாம் எப்படி வழுக்குகிறது என்று பேசிவிட்டுப் போனான்.

“உன் மூளைதான் மூளை” என்றான் தங்கையிடம், படியிறங்கும்போது. “எனக்குத் தோணலை பாரு.”

“எனக்கும் தோணாம இருந்திருக்கலாம்.”

“ஏன், என்ன குறை இப்போ? சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.”

குறை ஒன்றும் இல்லைதான். தவளை மட்டும் டீக்கு உட்காருவதில்லை. கொடுத்தவுடன், வாங்கியவுடன், ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவார். எந்த வேலையும் இல்லாத மனிதர்.

கண் டாக்டரிடம் அப்பாவைக் கூட்டிப் போன அன்று தவளையும் கூட வந்தார். திரும்பும் வழியில் மருந்துக் கடைக்கு எதிரே சின்னவள் காரை ஓரம் கட்டினாள்.

“நான் போய் சொட்டு மருந்து வாங்கிட்டு வரேன்” என்றார் தவளை.

“நானும் வரேன்டா, காலை நீட்டணும்” என்றார் அப்பா.

“கையைப் பிடிச்சுக்கோங்க மாமா” என்றாள் சின்னவள்.

“யாரை யார் பிடிக்கிறது?” என்றார் அப்பா. இருவரும் சாலையைக் கடந்தார்கள். ஒருவர் விழுந்தால் இன்னொருவர் பிடித்துக்கொள்ளும் இரண்டு கிழவர்கள், தோளோடு தோள். மேகம் கட்டியிருந்தது. கடைக்குள் கூட்டம். சின்னவள் இருக்கையில் தலையைச் சாய்த்தாள். விடியும் முன்பிருந்து காதில் டாக்டர்கள் பேசிக்கொண்டே இருந்திருந்தார்கள். பெல்ட்டைக் கழற்ற வேண்டும் என்று நினைத்தாள். அந்த மாமியார் சம்பவத்துக்குப் பிறகு, நின்ற காரில் அப்பா பார்க்கும்படி பெல்ட்டோடு உட்காரக் கூடாது என்று நினைத்து வைத்திருந்தாள். இப்போது அதற்கு என்ன அவசியம்? கண்ணை மூடினாள். கூரைமேல் மழை விழத் தொடங்கும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

கண்ணாடி உடையும் சத்தத்தில் விழித்தாள்.

பின் கதவின் கண்ணாடி பொடிப் பொடியாகச் சிதறிக் கிடந்தது. ஆள் இருக்கும் பக்கத்துக் கண்ணாடியை உடைக்கவே மாட்டார், தூரக் கண்ணாடியைத்தான் உடைப்பார். அது பழகிப்போன கை. அந்த வழியாகக் கையை விட்டுப் பூட்டை எடுத்து, முன் கதவைத் திறந்து, அப்பா உள்ளே பாதி உடம்பை நுழைத்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கார்க் கண்ணாடிகள் முழுக்க மழைத் தண்ணீர் படலமாக இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே எதுவும் தெரியவில்லை.

“அப்பா…”

“பேசாதீங்கம்மா. மூச்சு வீணாகும்.”

“அப்பா, நான்தான். சின்னவ.”

“ஆமா, ஆமா. பேர் அப்புறம் சொல்லலாம்.” குரல் அவ்வளவு இதமாக இருந்தது. அந்தக் குரலை அவள் வீட்டில் கேட்டதே இல்லை. முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்காக அவர் எடுத்து வைத்திருந்த குரல். முழங்காலை இருக்கையில் ஊன்றினார். அது நேராக பெல்ட் கொக்கியின்மேல் பதிந்தது. அவள் கையை அங்கே நுழைக்கப் பார்த்தாள்.

“அதைத் தொடாதீங்க, தண்ணி ஏறினா அது வேலை செய்யாது. நான் அறுத்துடறேன். ஒரு நொடி.”

இடது கையால் பெல்ட்டை அவள் மார்பிலிருந்து விலக்கி இழுத்துப் பிடித்தார். அவள் உடம்பில் படாதபடி அலகைத் திருப்பி வைத்து, ஒரே இழுப்பாக இழுத்தார்.

கத்தி வழுக்கிக்கொண்டு போனது.

அவர் பெல்ட்டைப் பார்த்தார். திரும்ப வைத்தார். பல் இருக்கும் பக்கத்தை வைத்து முன்னும் பின்னும் இழுத்தார். மழுங்கிய பல் பெல்ட்டின்மேல் சும்மா உரசியது. வேகமாக இழுத்தார். மூச்சு வாங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

“அப்பா, காலை மட்டும் கொஞ்சம் எடுங்க, நானே கழட்டிக்கிறேன். கொக்கி வேலை செய்யுது, பாருங்களேன்.”

“பயப்படாதீங்க. யாரையும் விட்டுட்டுப் போனதில்லை.”

திறந்த கதவுக்கு வெளியே தவளை வந்து நின்றார். ஓடி வந்திருக்கிறார். கையில் மருந்துப் பை நனைந்து தொங்கியது.

“டேய், கயிறைப் பிடி!” என்றார் அப்பா, திரும்பாமலே. “நான் இன்னும் ஒரு தடவை முயற்சி பண்றேன்.”

“லீடர்…” தவளையின் வாய் திறந்தது. “லீடர், அந்தக் கத்தி…”

சின்னவள் அவரைப் பார்த்தாள். சொல்லுங்கள் என்றா, சொல்லாதீர்கள் என்றா, அவள் கண்ணில் என்ன இருந்ததோ, அவளுக்கே தெரியாது. சொன்னால், தவளை மழுங்கிய கத்தியைக் கொடுத்தார் என்று அப்பாவுக்குத் தெரிந்துபோகும். சொல்லாவிட்டால், இதோ, அவர் கண்ணெதிரே ஒருத்தி மூழ்கிக்கொண்டிருக்கிறாள். தவளையின் வாய் திறந்தபடியே இருந்தது. மழை அதற்குள் விழுந்தது.

“கத்திக்கு என்ன?” என்றார் அப்பா. “கத்தி நீ தீட்டினதுதானே. கத்தி சரியாதான் இருக்கு.”

அவர் நிறுத்தினார். அலகைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய கையோ தன் தோளில் வந்து ஒட்டிக்கொண்டதுபோல. விரல்களை மூடினார், திறந்தார்.

“கை போயிடுச்சுடா” என்றார் தவளையிடம், மெதுவாக. உள்ளே இருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. “கையில பலமே இல்லை. பெல்ட்டே அறுபட மாட்டேங்குது.”

தவளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடைபாதையில் இரண்டு பேர் குடையோடு நின்று பார்த்தார்கள். ஒருவர் ஃபோனை எடுத்தார்.

அப்பா திரும்பவும் குனிந்தார். கத்தியை இரண்டு கையாலும் பிடித்து, அவள் தோளுக்கு மேலே பெல்ட்டில் வைத்து, தன் முழு உடம்பையும் போட்டு அறுத்தார். அறுத்துக்கொண்டே இருந்தார். அவர் நெற்றி அவள் நெற்றியில் முட்டும் அளவுக்கு வந்திருந்தது. அவர் கண்ணிலிருந்து இறங்கியது மழையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. முழங்காலுக்கு அடியில் அவள் விரல்கள் கொக்கியைத் தேடிக்கொண்டே இருந்தன. அவர் கனம் அவற்றை நசுக்கியது.

அவர் ஒரு கணம் நிறுத்தி, அவள் கன்னத்தை ஈரக் கையால் தட்டினார்.

“இன்னும் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிச்சுக்க முடியுமாம்மா?”